பிஓ-33 சாம்ப்ளரைக் கணினியில் பதிவு செய்வது: ஒரே துளை, இரண்டு பாதைகள்

ஸ்வீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிஓ-33 கே.ஓ. பழைய கால்குலேட்டர் அளவே இருக்கும் சாம்ப்ளர், அதாவது ஒலிகளைப் பிடித்துவைத்துப் பட்டனில் வாசிக்கும் கருவி. இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும். மொத்தம் 40 விநாடி சாம்பிள் நினைவகம், மெலடிக்கு 8, டிரம்முக்கு 8 என்று 16 ஒலி இடங்கள், 16 பேட்டர்ன்கள் (சுற்றிச் சுற்றி ஓடும் தாளக் கட்டுகள்), ஒவ்வொன்றிலும் 16 ஸ்டெப் (ஒலி வைக்கும் கட்டங்கள்). யூஎஸ்பி கிடையாது, மிடி கிடையாது, மெமரி கார்டும் கிடையாது. அதில் போட்ட பீட் கேபிள் வழியாக வெளியே வர ஒரே வழி, 3.5 மி.மீ. அவுட் ஜாக்.

அந்த ஒரு துளைக்குள் இடது, வலது என்று இரண்டு பாதைகள் தனித்தனியாக ஓடுகின்றன. எந்தப் பாதையில் என்ன போகிறது என்று தெரிந்துகொண்டால் பதிவில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வராது. புதிதாகச் செய்பவர்கள் இதைக் கவனிக்காமல்தான் கேபிளில் ஒருமுறையும் டெம்போவில் (தாள வேகத்தில்) இன்னொரு முறையும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஏபிள்டன், எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் வைத்திருப்பவர்களுக்கு மெனு பெயர்கள் மாறுமே தவிர வேலை இதேதான்.

முதலில் கேபிள்

தேவையானவை: இரண்டு லைன் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளி ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டி), ஹெட்ஃபோன், புது பேட்டரி, சரியான கேபிள். பேட்டரி பாதி தீர்ந்திருந்தால் நல்ல டேக் (ஒரு முறைப் பதிவு) ஓடும்போது நின்றுவிடக்கூடும். உட்காரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

கேபிளின் ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக், மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பிளக் இருக்க வேண்டும். கடையில் ‘ஒய் கேபிள்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாங்கும் முன் பிளக்கின் உலோகத் தண்டைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்றே ஒன்று என்றால் மோனோ. 3.5 மி.மீ. முனையில் இரண்டு வளையமும், பெரிய பிளக் ஒவ்வொன்றிலும் ஒரு வளையமும் இருக்க வேண்டும். பெரிய பிளக்குகளில் சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுமுனையில் ஒரே ஒரு 6.35 மி.மீ. ஸ்டீரியோ பிளக் உள்ள கேபிளை வாங்கி இன்டர்ஃபேஸின் ஒரு இன்புட்டில் செருகிவிடுவார்கள். பிளக் அழகாகப் பொருந்தும். ஒலி மட்டும் மெலிந்து, பேஸே இல்லாமல், சில நேரம் கிட்டத்தட்ட மௌனமாக வரும். கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இன்புட் பேலன்ஸ்டு வகை: பிளக்கின் நுனியில் வருவதிலிருந்து நடு வளையத்தில் வருவதைக் கழித்து, மிஞ்சுவதை ஒலியாக எடுத்துக்கொள்ளும். மைக் கேபிளில் இரைச்சலை ஒழிக்க இது அருமையான ஏற்பாடு. இங்கேயோ நுனியில் இடது, வளையத்தில் வலது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் நேராகச் செருகுவதும் பலன் தராது. அது நான்கு இணைப்புள்ள துளை. அதில் உள்ளே போகும் பாதை ஒன்றுதான். அதுவும் மைக்கின் மெல்லிய ஒலிக்காக அமைக்கப்பட்டது. மூன்று இணைப்புள்ள பிளக்கைச் செருகினால் அதை வெறும் ஹெட்ஃபோன் என்றே லேப்டாப் எடுத்துக்கொள்ளும். விலை குறைந்த யூஎஸ்பி சவுண்டு கார்டுகளின் மைக் துளையும் பெரும்பாலும் மோனோதான். அவசரத்துக்கு ஒரு பீட்டைப் பிடித்துவைக்க அது போதும். கீழே சொல்லப்போகும் இரண்டு பாதை உத்திக்கு இரண்டு இன்புட் கட்டாயம் வேண்டும்.

இணைத்து, ரீப்பரைத் தயார் செய்தல்

1. இன்டர்ஃபேஸின் கெயின் குமிழ்கள் (உள்ளே வரும் ஒலியை ஏற்றி இறக்குபவை) இரண்டையும் அடியில் வையுங்கள். மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் அணைந்திருக்கட்டும். ‘இன்ஸ்ட்’, ‘லைன்’ என்று சுவிட்ச் இருந்தால் லைன்.
2. 3.5 மி.மீ. முனை பிஓ-வின் அவுட் ஜாக்கில். அதே அளவில் இன் ஜாக்கும் இருக்கிறது. மாற்றிச் செருகினால் கணினிப் பக்கம் எதுவும் வராது.
3. இடது பிளக் இன்புட் 1, வலது பிளக் இன்புட் 2.
4. ரீப்பரில் ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ். விண்டோஸ் என்றால் ஆசியோவை (ASIO) தேர்ந்து, இன்டர்ஃபேஸின் சொந்த டிரைவரைக் காட்டுங்கள். மேக்கில் இன்டர்ஃபேஸின் பெயரைத் தேர்ந்தால் போதும்.
5. சாம்பிள் ரேட் 48,000, பஃபர் 256. பதிவு 24 பிட் வேவ்.
6. கன்ட்ரோல்-டி (T) அழுத்தி இரண்டு ட்ராக் சேருங்கள். முதலாவதற்கு ‘மோனோ இன்புட் 1’, இரண்டாவதற்கு ‘மோனோ இன்புட் 2’. இரண்டிலும் பதிவுக்குத் தயார் செய்யும் சிவப்பு ஆர்ம் பட்டனை அழுத்துங்கள்.

ஒரே ஸ்டீரியோ ட்ராக்காக எடுக்க வேண்டாம். இரண்டு மோனோவாக எடுத்தால்தான் இரண்டு பாதைகளையும் தனித்தனியாகக் கையாள முடியும்.

கேட்பதற்கு ஒரே வழியை வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் போட்டிருந்தால் ரீப்பர் ட்ராக்குகளில் மானிட்டரிங்கை அணையுங்கள். இரண்டும் ஓடினால் அதே ஒலி சில மில்லிவிநாடி தள்ளி மறுபடி வந்து கலந்து, குழாய்க்குள் பேசுவது போலக் கேட்கும். பதிவில் அது ஏறாது. ஆனால் அதைக் கேட்டுப் பயந்து கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒலி அளவு

பிஓ-33-ல் மொத்த ஒலி அளவுக்குத் தனிக் குமிழ் இல்லை. பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) பட்டனைப் பிடித்துக்கொண்டு 1 முதல் 16 வரையுள்ள பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். 13 அல்லது 14-ல் வையுங்கள். 4, 5-ல் வைத்துவிட்டு இன்டர்ஃபேஸின் கெயினை ஏற்றினால் பீட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். மூலத்தில் ஒலி போதுமாக இருக்க வேண்டும், கெயின் குறைவாக இருக்க வேண்டும்.

உங்களிடம் உள்ளதிலேயே அதிகச் சத்தமான பேட்டர்னை ஓடவிட்டு, ரீப்பர் மீட்டரின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் வரும்வரை கெயினை ஏற்றுங்கள். 24 பிட்டில் அதற்கு மேல் நெருங்கிப் போக எந்தத் தேவையும் இல்லை. எஃப்எக்ஸ் பட்டனோடு எண்களை அழுத்தி யூனிசன், ஸ்டட்டர் போன்றவற்றையும் இப்போதே போட்டுப் பாருங்கள். அவை வரும்போது உச்சம் திடீரென எகிறலாம்.

அளவு சரியானதும் ஒரு சின்னச் சோதனை. பிஓ சாதாரண நிலையில், அதாவது சிங்க் (கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) நிலை 0-ல் இருக்கட்டும். நாலு பார் (பாருக்கு நான்கு காலடி, அதாவது தாள அடி) பதிவு செய்யுங்கள். இரண்டாம் ட்ராக்கின் ஃபேஸ் பட்டனை, அதாவது வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட குறியை, அழுத்திவிட்டு இரண்டு ட்ராக்கையும் நடுவில் வைத்து ஓடவிடுங்கள். ஒரு ட்ராக்கின் ஒலி அளவை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு புள்ளியில் பீட் முழுவதும் கரைந்து மௌனமானால் இடதும் வலதும் ஒரே ஒலிதான். ஆக ஒரு பாதை போதும். மற்றது சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் அந்தப் பாதையில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

டெம்போவைக் கையோடு பதிவு செய்தல்

பிபிஎம் பட்டனைத் தட்டினால் 80, 120, 140 என்று மாறும். அதைப் பிடித்துக்கொண்டு பி குமிழைத் திருகினால் நடுவில் உள்ள எண்களும் கிடைக்கும். ஏ குமிழ் ஸ்விங், அதாவது ஸ்டெப்களைச் சற்றுத் தள்ளிவைத்து வரும் ஆட்ட நடை. திரையில் 90 என்று பார்த்து ரீப்பரிலும் 90 போட்டுவிட்டால் முதல் நாலு பார் கிரிட்டில் (ரீப்பர் திரையின் தாளக் கோடுகளில்) உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். பதினாறாவது பாரில் கிக் கோட்டை விட்டு விலகி நிற்கும். இரண்டு கருவிகளும் அவரவர் கடிகாரத்தில் ஓடுகின்றன. அவை துல்லியமாக ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திரை எண்ணை நம்பாமல், வந்த ஒலியை அளந்து டெம்போ போடுவதே சரி.

அளக்க வசதி பிஓ-விலேயே இருக்கிறது. பல பிஓ-க்களைச் சேர்த்து வாசிப்பதற்காக எஸ்ஒய்0 முதல் எஸ்ஒய்5 வரை சிங்க் நிலைகள் கொடுத்திருக்கிறார்கள். எஸ்ஒய்1-ல் அவுட் ஜாக்கின் இரண்டு பாதைகளும் வேலையைப் பிரித்துக்கொள்ளும்: வலதில் இசை, இடதில் ‘டிக், டிக்’ என்று சிங்க் துடிப்பு. காலடிக்கு இரண்டு துடிப்பு, அதாவது 16 ஸ்டெப் உள்ள ஒரு பேட்டர்னுக்கு 8.

1. சிங்க் நிலையை மாற்றி, திரையில் எஸ்ஒய்1 வரச் செய்யுங்கள்.
2. ஹெட்ஃபோன் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு சத்தமாக இருக்கும். ட்ராக் 1-ஐ மியூட் செய்தாலும் பதிவு நடக்கும். டைரக்ட் மானிட்டரில் கேட்பவர்களுக்கு மட்டும் துடிப்பும் காதில் விழும்.
3. இன்புட் 1-ன் மீட்டர் சிவப்பைத் தொட்டால் அந்தக் கெயினை மட்டும் இறக்குங்கள்.
4. ரீப்பரில் கன்ட்ரோல்-ஆர் அழுத்திப் பதிவைத் தொடங்கி, இரண்டு விநாடி விட்டு, பிஓ-வில் பிளே. அந்த இரண்டு விநாடி வெற்றுப் பதிவு, கருவியின் இரைச்சல் எவ்வளவு என்று பின்னால் பார்க்க உதவும்.
5. 18 பார் ஓடவிட்டு பிளேயை மறுபடி அழுத்தி நிறுத்துங்கள். வால் ஒலி அடங்கிய பிறகே பதிவை நிறுத்துங்கள்.

இனி அளவெடுப்பு. ட்ராக் 1-ல் வெறும் துடிப்புகள், வேலிக் கம்பி மாதிரி வரிசையாக நிற்கும். முதல் துடிப்பின் ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து 129-ஆவது துடிப்பின் தொடக்கம்வரை தேர்வு செய்யுங்கள். அது 128 இடைவெளி, 64 காலடி, 16 பார். தேர்வின் நீளத்தை ரீப்பர் கீழே காட்டும். 3,840-ஐ (64 × 60) அந்த விநாடிக் கணக்கால் வகுத்தால் டெம்போ. உதாரணமாக நீளம் 42.8 விநாடி என்றால் 3,840 ÷ 42.8 = 89.72. தசமப் புள்ளியோடு அப்படியே பிபிஎம் பெட்டியில் போடலாம். 129 துடிப்பை எண்ணச் சிரமமாக இருந்தால், திரை எண்ணை வைத்து உத்தேச நீளத்தைக் கணக்கிடுங்கள். 90 என்றால் 16 பார் 42.67 விநாடி, அந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள துடிப்புதான் நீங்கள் தேடுவது.

டெம்போவை மாற்றும் முன் ஒரு கதவைச் சாத்த வேண்டும். ஃபைல், ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் போய், டைம்பேஸை ‘பீட்ஸ்’-இலிருந்து ‘டைம்’ என்று மாற்றுங்கள். மாற்றாமல் டெம்போவைத் தொட்டால், பதிவான ஒலியையும் ரீப்பர் புது டெம்போவுக்கு ஏற்ப இழுத்துவிடும். அளந்ததே வீணாகும், ஒலியும் கெடும். டெம்போ போட்ட பிறகு இரண்டு ட்ராக்கின் துண்டுகளையும் சேர்த்துத் தேர்ந்து, முதல் துடிப்பை ஒரு பாரின் தொடக்கக் கோட்டில் வைத்துவிடுங்கள். 16-ஆவது பார் முடிவில் போய்ப் பாருங்கள். துடிப்பு கோட்டில் நின்றால் வேலை முடிந்தது. கொஞ்சம் விலகியிருந்தால் டெம்போவில் 0.01, 0.02 கூட்டிக் குறைத்தால் வந்துவிடும்.

துடிப்பு ட்ராக்கை அழிக்காமல் மியூட் செய்து வைத்திருங்கள். பின்னால் வேறு டேக் எடுக்கும்போது கிரிட்டோடு பொருத்த இதுதான் அடையாளம். ஸ்விங் போட்டிருந்தால் ஸ்டெப்கள் வேண்டுமென்றே கோட்டை விட்டு விலகித்தான் இருக்கும். அவற்றை இழுத்துக் கோட்டில் வைத்தால் பீட்டின் நடையே போய்விடும். துடிப்பை மட்டும் பொருத்துங்கள்.

கிக், ஸ்நேர், மெலடி தனித்தனியாக

ஒற்றைப் பாதையில் எல்லாம் கலந்து வந்துவிட்டால் பிறகு கிக்கை மட்டும் ஏற்ற முடியாது. எனவே ஒவ்வொரு ஒலியையும் தனி டேக்காக எடுக்க வேண்டும். பிஓ-வில் ஒலி அளவுகளைக் குறைத்து மியூட் செய்வதைவிட, பேட்டர்னை நகல் எடுத்து வேண்டாததை நீக்குவது பாதுகாப்பு. மூலத்துக்கு எந்தச் சேதமும் வராது.

ரைட் (write) பட்டனைப் பிடித்து, பேட்டர்ன் பட்டனையும் பிறகு காலியான ஓர் எண்ணையும் அழுத்தினால் இப்போதைய பேட்டர்ன் அங்கே நகலாகும். நகலுக்குப் போய், ரைட் ஒருமுறை தட்டி, சவுண்ட் பட்டனோடு ஒலியைத் தேர்ந்து, எரியும் ஸ்டெப் விளக்குகளை ஒவ்வொன்றாக அழுத்தி அணையுங்கள். கிக் மட்டும் மிஞ்சும் நகல், ஸ்நேர் மட்டும் மிஞ்சும் நகல், மெலடி மட்டும் மிஞ்சும் நகல் என்று தயார் செய்து, எஸ்ஒய்1-ல் டெம்போவைத் தொடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு டேக்கோடும் அதன் துடிப்பும் பதிவாகிறது அல்லவா? எல்லாவற்றின் முதல் துடிப்பையும் ஒரே கோட்டில் வைத்தால் பொருந்திவிடும்.

தனித்தனியாக எடுக்கும் முன், முழு பீட்டையும் கலந்தபடி ஒருமுறை கட்டாயம் பதிவு செய்துவிடுங்கள். பிஓ-33-ல் ஒரே நேரத்தில் நான்கு குரல்தான், அதாவது நான்கு ஒலிகள்தான், ஒலிக்கும். ஐந்தாவது வந்தால் முன்னே ஒலித்துக்கொண்டிருந்த ஒன்று அறுபடும். பீட்டில் நீங்கள் ரசித்த அந்த மூச்சுத் திணறல் பல நேரம் இந்த அறுபடுதலால்தான் வருகிறது. தனியாகப் பதிவு செய்யும்போது எதுவும் அறுபடாது, எல்லா வாலும் முழுதாக ஒலிக்கும். சேர்த்துப் போட்டால் ‘சுத்தமாக இருக்கிறது, ஆனால் பழைய பீட் இல்லையே’ என்று தோன்றும். கலந்த பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வாலை எங்கே வெட்ட வேண்டும் என்று பார்த்து வெட்டுங்கள்.

எஃப்எக்ஸ் வாசிப்பையும் கலந்த பதிவிலேயே எடுப்பது நல்லது. ஸ்க்ராட்ச், ரிவர்ஸ் போன்றவை பேட்டர்ன் முழுவதன் மேலும் வேலை செய்பவை. தனி டேக்குகளில் அதே கையசைவை மறுபடி கொண்டுவருவது கடினம்.

கணினியின் டெம்போவுக்குப் பிஓ ஓட வேண்டுமானால்

ஏற்கெனவே கணினியில் பாட்டு ஓடுகிறது, அதன் மேல் பிஓ வாசிக்க வேண்டும் என்றால் திசையைத் திருப்ப வேண்டும். இதற்கு நான்கு அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வசதி. இன்னொரு ஒய் கேபிளின் இடது பிளக்கை மட்டும் அவுட்புட் 3-ல் செருகி, 3.5 மி.மீ. முனையைப் பிஓ-வின் இன் ஜாக்கில் போடுங்கள். ரீப்பரில் ஒரு ட்ராக்கில் எட்டாம் பாகத்துக்கு ஒன்றாக, பாருக்கு எட்டு, சில மில்லிவிநாடியே நீளும் கூர்மையான ‘டிக்’ ஒலிகளை வைத்து, அந்த ட்ராக்கை அவுட்புட் 3-க்கு மட்டும் அனுப்புங்கள். மாஸ்டருக்கு (மொத்த வெளியீட்டுக்கு) போகக் கூடாது. எஃபெக்ட் எதுவும் வேண்டாம். பிஓ எஸ்ஒய்2-ல் இருக்கட்டும். இந்த நிலையில் அதன் அவுட் ஜாக்கில் இரண்டு பக்கமும் இசைதான் வரும்.

முதலில் பிஓ-வில் பிளே அழுத்துங்கள். அது துடிப்புக்காகக் காத்திருக்கும். பிறகு ரீப்பரை ஓடவிடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் பிஓ-வை நிறுத்தி மறுபடி பிளே அழுத்துவதை மறக்க வேண்டாம். இல்லையென்றால் போன தடவை விட்ட ஸ்டெப்பிலிருந்தே தொடரும். நடுநடுவே தடுமாறினால் ‘டிக்’ ஒலி மெலிவாக இருக்கிறது என்று பொருள். உச்சத்தை 0 டெசிபலுக்கு அருகில் கொண்டுபோங்கள். பிஓ இரட்டை வேகத்தில் ஓடினால் பாருக்கு 16 ‘டிக்’ வைத்திருப்பீர்கள்.

துடிப்பு வெளியே போய் ஒலி உள்ளே வருவதால் பதிவு சில மில்லிவிநாடி பின்தங்கலாம். பஃபரை மாற்றாதவரை அந்தப் பின்னடைவு எல்லா டேக்கிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒருமுறை அளந்து எல்லாவற்றையும் அதே அளவு முன்னே நகர்த்துங்கள்.

லூப்பாக வெட்டுதல்

முதல் சுற்றை வெட்டாதீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றை எடுங்கள். பேட்டர்னின் கடைசி ஸ்டெப்பில் ஒலித்த சிம்பலோ மெலடியோ அடுத்த சுற்றின் முதல் காலடி மேல் வழிந்து வரும். முதல் சுற்றின் தொடக்கத்தில் அந்த வழிவு இருக்காது. அதை லூப் செய்தால் (திரும்பத் திரும்ப ஓடவிட்டால்) ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பள்ளம் கேட்கும். வெட்டிய இரு முனைகளிலும் 2 முதல் 5 மில்லிவிநாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றுவது, இறக்குவது) போட்டால் ‘டப்’ என்ற சொடுக்கு வராது. கிக்கின் தொடக்கத்தில் மட்டும் ஃபேட் 1 மில்லிவிநாடிக்கு மேல் வேண்டாம், அடி மழுங்கிவிடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே பேட்டர்ன் எண், அளந்த டெம்போ, ஒலியின் பெயர் மூன்றையும் சேர்த்துவிடுங்கள்: ‘பே03-89.72-கிக்’ என்பது போல. மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது டெம்போ நினைவில் இருக்காது.

தகராறு வந்தால்

இடது காதில் மட்டும் ‘டிக் டிக்’: பிஓ இன்னும் எஸ்ஒய்1-ல் இருக்கிறது. சாதாரணமாகக் கேட்க எஸ்ஒய்0-க்குத் திருப்புங்கள்.

பிளே அழுத்தியும் ஸ்டெப் நகரவில்லை: எஸ்ஒய்2 அல்லது அதற்கு மேல் மாட்டியிருக்கிறது, வராத துடிப்புக்காகக் காத்திருக்கிறது.

லேப்டாப் சார்ஜர் செருகினால் ‘ங்ங்’ என்ற இரைச்சல்: பிஓ பேட்டரியில் ஓடுவதால் அதன் பக்கம் மின் இணைப்பே இல்லை. இரைச்சல் சார்ஜரிலிருந்து யூஎஸ்பி வழியாக வருகிறது. பதிவு செய்யும் பத்து நிமிடம் சார்ஜரைக் கழற்றுங்கள்.

விட்டுவிட்டு ‘டர்ர்’ என்ற ஓசை: பக்கத்தில் செல்ஃபோன் இருக்கிறதா பாருங்கள். பிஓ உறையில்லாத வெறும் சர்க்யூட் போர்டு, அதனால் எளிதில் பிடித்துக்கொள்ளும். போனை ஒரு மீட்டர் தள்ளி, விமான நிலையில் வையுங்கள். மேசையில் உலோகத் தகடு இருந்தால் போர்டின் அடிப்பக்கம் அதில் படக்கூடாது. ஒரு துணியாவது விரியுங்கள்.

நினைவகத்தைக் காலி செய்யும் முன்

40 விநாடி நிறைந்ததும் பழைய ஒலிகளை அழித்தாக வேண்டும். லூப்களைப் பதிவு செய்துவிட்டோம் என்று உடனே அழித்துவிடாதீர்கள். பிஓ-33 தன் சாம்பிள்களையும் பேட்டர்ன்களையும் பழைய மோடம் போன்ற கரகரப்பு ஒலியாக அவுட் ஜாக் வழியே அனுப்பவல்லது. அதையும் இதே கேபிளில் ரீப்பரில் பதிவு செய்து வைத்தால், பின்னால் இன் ஜாக் வழியாகத் திருப்பி ஏற்றலாம். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், காதுக்கு இதமான ஒலி அல்ல. இந்தப் பதிவில் ஃபேட், இக்யூ, டெம்போ இழுவை எதுவும் கூடாது. எம்பி3 ஆகவும் மாற்றக் கூடாது. வேவ் கோப்பாக, தொடக்கத்தையும் முடிவையும் வெட்டாமல் வைத்து, அழிக்கும் முன் ஒருமுறை பிஓ-வில் திருப்பி ஏற்றிச் சோதித்துவிடுங்கள். ஏற்கவில்லை என்றால் கணினியின் வெளியீட்டு ஒலி அளவைக் கூட்டி மறுபடி அனுப்புங்கள்.